மாம்பழத்துப் புழுவும் அதைத் தேடிவரும் குளவியும்

வைகாசி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்துச் சந்தைகள் மாம்பழ வாசனையில் மிதக்கும். திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, விளாட், செம்பாட்டான் எனக் கூடை கூடையாக மாம்பழங்கள் குவிந்திருக்கும். வளவில் நிற்கும் ஒரு கறுத்தக்கொழும்பான் மரம், பல குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவில் ஒரு பங்கைத் தருகின்றது. கணவனை இழந்தும், காணாமற்போனவரைத் தேடிக்கொண்டும் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கு அந்த ஒரு மரமும், கிணற்றடியில் போட்ட ஒரு பாவற்பந்தலும் சிறிய விடயங்கள் அல்ல.

ஆனால் வெளியே தங்கம் போலத் தெரியும் பழத்தை வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சந்தைக்குக் கொண்டு போன கூடையில் இரண்டு பழம் அப்படி இருந்தால், வியாபாரி கூடை முழுவதற்கும் விலையைக் குறைத்து விடுவார். பாவற்காய் பிஞ்சிலேயே மஞ்சளாகிக் கோணி விழும். புடலங்காய் வளைந்து அழுகும். "மழை கூடிப்போச்சு", "மரத்துக்குக் கண்ணூறு பட்டிட்டுது" என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்வோம். இந்தச் சேதத்திற்குக் காரணம் பழ ஈ. அந்த ஈயை அழிப்பதற்கென்றே இயற்கை ஒரு சின்னஞ்சிறு குளவியையும் வைத்திருக்கின்றது. அந்தக் குளவியைப் பற்றி உலகின் பல தீவுகளில் நடந்த ஆராய்ச்சிகள், எங்கள் வளவுகளில் நாமே செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்லித் தருகின்றன.

ஈ எப்படிப் பழத்துக்குள் போகின்றது?

புழு பழத்துக்குள் தானாகப் பிறப்பதில்லை. பழ ஈ, வீட்டு ஈயின் அளவுதான் இருக்கும். கபில நிற உடல், தோளின் இரு பக்கமும் மஞ்சள் கோடு, ஒடுங்கிய இடை, கண்ணாடி போன்ற சிறகு. பார்ப்பவர்கள் அதைக் குளவி என்றே எண்ணுவார்கள். பெண் ஈயின் வால் நுனியில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. முற்றிப் பழுக்கத் தொடங்கும் பழத்தின் தோலை அதனால் துளைத்து, உள்ளே முட்டைகளை இடும். துளைத்த இடம் ஊசி குத்திய புள்ளி போலத் தெரியும். சில வேளை அதிலிருந்து பால் வடிந்திருக்கும்.

ஓரிரு நாட்களில் முட்டை பொரிக்கும். வெளிவரும் குடம்பிகள் சதையைத் தின்று, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையில் முழுவளர்ச்சி அடையும். அதற்குள் பழம் அழுகி நிலத்தில் விழுந்துவிடும். குடம்பிகள் பழத்தை விட்டு வெளியேறி, மண்ணுக்குள் ஓரிரு அங்குல ஆழத்தில் புகுந்து கூட்டுப்புழு ஆகும். பார்த்தால் கபில நிறக் குரக்கன் மணி போலிருக்கும். ஆனால் அதைவிடப் பெரிது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் அதிலிருந்து புதிய ஈ பறக்கும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. மரத்தடியில் கவனிக்காமல் விட்ட பத்துப் பழம், அடுத்த மாதம் அயல் முழுவதற்கும் ஈயைக் கொடுத்துவிடும் என்பது இதிலிருந்து விளங்கும்.

மாம்பழத்தைத் தாக்குவதில் முன்னிற்பது பக்ரோசெரா டோர்சலிஸ் என்ற இனம். இது மாவை மட்டும் நம்பி வாழ்வதில்லை. கொய்யா, பப்பாசி, ஜம்பு, அன்னமுன்னா என்று பல பழங்களிலும் பெருகும். மாம்பழக் காலம் முடிந்த பின்னர் கொய்யாவில் தங்கி அடுத்த பருவம்வரை காத்திருக்கும். பாவல், புடல், பீர்க்கு, பூசணி, வெள்ளரி ஆகியவற்றைத் தாக்குவது வேறோர் இனம். அதனைப் பூசணி ஈ என்பர்.

மருந்து அடித்தால் போகாதா?

புழுவைக் கண்டதும் மருந்துக் கடையை நோக்கி ஓடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஆனால் மருந்து படுவது பழத்தின் தோலில். புழு இருப்பதோ சதைக்குள். கூட்டுப்புழு இருப்பது மண்ணுக்குள். பறந்து திரியும் ஈயோ பக்கத்து வளவில் தங்கிவிட்டு முட்டையிட மட்டும் எங்கள் மரத்துக்கு வரும். ஆகவே அடித்த மருந்தில் பெரும்பகுதி வீணாகின்றது. மிச்சம் எங்கள் பிள்ளைகள் தின்னும் பழத்திலும், கிணற்றுத் தண்ணீரிலும் சேருகின்றது. குடாநாட்டில் எமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் நிலத்தடி நீரே குடிநீர் என்பதை மறக்கக்கூடாது.

மருந்துக்கு இன்னொரு விலையும் உண்டு. மனமுடைந்த ஒரு கணத்தில் வீட்டிலிருந்த மருந்துப் போத்தல் எத்தனையோ உயிர்களை எடுத்திருக்கின்றது. இலங்கை அரசாங்கம் 1995 முதல் அதிக நச்சுத்தன்மை கொண்ட கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. பழ ஈக்குப் பலரும் அடித்துவந்த டைமெதோயேற், பென்தியோன் ஆகியனவும் 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாக விலக்கப்பட்டன. 1995 இற்கும் 2015 இற்கும் இடையில் நாட்டில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்ததற்கு இத்தடைகள் பெரிய காரணம் என ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். வீட்டில் நஞ்சு இல்லாதிருப்பதே ஒரு பாதுகாப்பு. துயரம் மிகுந்த குடும்பங்களில் இது இன்னும் பெரிய உண்மை.

இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் ஒரே ஈ

2003 ஆம் ஆண்டு கிழக்கு ஆபிரிக்காவில் கென்யாவின் கரையோரத்தில் புதிய பழ ஈ ஒன்று பிடிபட்டது. அது விரைவாகப் பரவி, பல நாடுகளின் மாம்பழ ஏற்றுமதியை முடக்கியது. விஞ்ஞானிகள் அதனை ஆராய்ந்தபோது இலங்கையில் முன்னர் சேகரிக்கப்பட்டிருந்த ஈக்களுடன் அது ஒத்திருந்தது. 2005 இல் இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் காணப்படும் புதிய இனம் என்று அதற்குத் தனிப்பெயர் இட்டார்கள். பின்னர் மரபணு, உடலமைப்பு, இனச்சேர்க்கை ஆகியவற்றைச் சேர்த்து ஆராய்ந்து, அது தனி இனம் அல்ல, எங்கள் மாமரத்தைத் தாக்கும் அதே பக்ரோசெரா டோர்சலிஸ்தான் என்று 2015 இல் முடிவு செய்தார்கள்.

இதில் எமக்கு ஒரு பாடம் இருக்கின்றது. ஆபிரிக்காவில் அந்த ஈ அவ்வளவு வேகமாகப் பெருகியதற்கு ஒரு காரணம், அதன் எதிரிகள் அங்கே இல்லாதிருந்தமை. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இந்த ஈயுடன் கூடவே அதைத் தின்று வாழும் குளவிகளும் காலங்காலமாக வாழ்ந்து வருகின்றன. எதிரி இல்லாத இடத்தில் ஈ என்ன செய்யும் என்பதை ஆபிரிக்கா காட்டியது. கண்மண் தெரியாமல் மருந்து அடித்து, இருக்கும் எதிரியையும் நாமே கொன்றுவிட்டால், எங்கள் வளவுகளுக்கும் அதே நிலைதான் வரும்.

நெல்மணியிலும் சிறிய குளவி

குளவி என்றதும் கொட்டும் குளவியை எண்ணிப் பயப்பட வேண்டாம். இது மனிதரைக் கொட்டாது, கூடு கட்டாது. நெல்மணியை விடச் சிறியது. மெலிந்த உடல், நீண்ட உணர்கொம்பு. பெண் குளவியின் பின்புறத்தில் தலைமயிர் போன்ற வால் ஒன்று நீண்டிருக்கும். அதுவே அதன் முட்டையிடும் ஊசி. இவற்றை ஒட்டுண்ணிக் குளவிகள் என்பர்.

பழ ஈக்கு எதிரான குளவிகளுள் மூன்றை விஞ்ஞானிகள் அதிகமாக ஆராய்ந்துள்ளனர். முதலாவது போப்பியஸ் அரிசானஸ். ஈ முட்டையிட்ட துளையைத் தேடிவந்து, அதே துளையினூடாக ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். ஈயின் புழு எதுவும் அறியாமல் வளரும். மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவானதும், உள்ளிருக்கும் குளவிக் குஞ்சு அதை முழுதாகத் தின்றுவிடும். கடைசியில் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவது குளவிதான்.

இரண்டாவது டயகாஸ்மிமோர்பா லொங்கிகோடேற்றா. செம்மஞ்சள் கலந்த கபில நிறம். அழுகும் பழத்தின் மணம் இதனை அழைக்கும். பழத்தின் மேல் வந்து நின்று, உள்ளே புழு நெளியும் அதிர்வை உணர்ந்து, சரியாக அந்த இடத்தில் ஊசியை இறக்கும். மூன்றாவது சிற்றாலியா பிளெச்சரி. இது பூசணி ஈயின் புழுவைத் தேடிச் செல்வது. 1916 இல் இந்தியாவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே நிலைபெற்றது.

1945 அளவில், உலகப்போர் முடியும் தறுவாயில், மாம்பழ ஈ ஹவாய்க்குள் புகுந்து சில ஆண்டுகளிலேயே பழத்தோட்டங்களைச் சூறையாடியது. ஆசிய நாடுகளெங்கும் தேடி அலைந்து பல குளவி இனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுள் வென்றது போப்பியஸ். 1950 ஆம் ஆண்டளவில் ஏனைய இனங்களைப் பின்தள்ளி அதுவே முன்னணிக்கு வந்தது. ஈயின் தொகையும் இறங்கியது. தாஹிட்டித் தீவிலும் இதுவே நடந்தது. அங்கே 1996 இல் ஈ கண்டுபிடிக்கப்பட்டது. 2002 இல் குளவி விடப்பட்டது. சில ஆண்டுகளின் பின் பழங்களைச் சேகரித்துப் பார்த்தபோது, பாதிக்குச் சற்று அதிகமான ஈக்கள் குளவிக்கு இரையாகியிருந்தன. ஆபிரிக்காவிலும் 2006 முதல் இந்தக் குளவியை வரவழைத்து வளர்த்து விடுகிறார்கள்.

குளவியால் முடியாததும் உண்டு. அதன் ஊசிக்கு எட்டாத ஆழத்தில் புழு இருந்தால் அது தப்பிவிடும். அதனால்தான் சிறு கொய்யாவிலும், வேலியில் தானாகப் படரும் குட்டிப் பாவலிலும் குளவி கூடுதலாக வேலை செய்கின்றது. பெரிய மாம்பழத்திலும் பூசணியிலும் குறைவாகவே செய்கின்றது. ஆகவே குளவி பாதி வேலையைச் செய்யும். மீதியை எங்கள் கைகள் செய்ய வேண்டும்.

பப்பாசியைக் காத்த கதை

"குளவியாவது, எங்கட ஊரில அதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. 2008 இல் பப்பாசி மரங்களில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு பூச்சி படர்ந்ததை நினைவிருக்கலாம். வெண்மூட்டுப் பூச்சி எனப்படும் அது மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. அந்த ஆண்டில் இலங்கையிலும் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பப்பாசி மட்டுமன்றி மரவள்ளியும், பட்டுப்புழுவுக்கு வளர்க்கும் மல்பெரியும் பாழாயின. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் பலனில்லை.

பின்னர் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டன. இலங்கையில் 2009 இலும் தமிழ்நாட்டில் 2010 இலும் அவை விடப்பட்டன. சில மாதங்களில் பூச்சி அடங்கத் தொடங்கியது. அப்போது விஞ்ஞானிகள் விவசாயிகளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "மருந்து அடிப்பதை நிறுத்துங்கள். அடித்தால் குளவி செத்துவிடும்."

விழுந்த பழத்தை என்ன செய்வது?

பழ ஈ ஆராய்ச்சிகள் எல்லாம் வந்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. அது மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழம். ஈ பெருகுவதும் அங்கேதான். குளவி பெருகுவதும் அங்கேதான்.

முதல் வேலை, விழுந்த பழங்களையும் கோணிய பாவற்காய்களையும் நாள்தோறும் பொறுக்குவது. முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு தரமாவது பொறுக்க வேண்டும். புழு பழத்தை விட்டு மண்ணுக்குள் இறங்குமுன் எடுத்துவிட வேண்டும் என்பதே காரணம். பொறுக்கிய பழத்தைக் குப்பைக் கிடங்கில் திறந்தபடி போடுவதால் பயனில்லை. ஈ அங்கிருந்தும் பறந்து வரும்.

எளிய வழி, தடித்த கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, நல்ல வெயிலில் ஒன்றிரண்டு வாரம் வைப்பது. உள்ளே ஏறும் வெப்பத்தில் புழுக்கள் இறந்துவிடும். அல்லது இரண்டு அடி ஆழத்தில் புதைத்து மண்ணை நன்றாக மிதித்து மூடலாம். அரை அடியில் புதைத்தால் ஈ மண்ணைக் கிளறிக்கொண்டு மேலே வந்துவிடும். மீளக் குடியேறிய பகுதிகளில் வாழும் சகோதரிகள் ஒன்றைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றியதை உறுதிப்படுத்தாத காணியில் எக்காரணம் கொண்டும் கிடங்கு வெட்டாதீர்கள். அங்கே பொலித்தீன் பையே போதும்.

இந்த இரண்டு வழியிலும் ஈயோடு குளவியும் சாகும். இதைக் கவனித்த ஹவாய் ஆய்வாளர்கள் 2000 களின் முற்பகுதியில் ஒரு வலைக்கூடாரத்தை உண்டாக்கினார்கள். பொறுக்கிய பழங்களை அதற்குள் கொட்டி மூடிவிடுவார்கள். அதன் கூரையில் ஒரு வலை உண்டு. அந்த வலையின் கண் வழியாக மெலிந்த குளவி வெளியேறும். பருத்த ஈ வெளியேற முடியாது. ஈ உள்ளேயே சாகும். குளவி மட்டும் தோட்டத்துக்குத் திரும்பும். தமிழ் வம்சாவளியினர் பலர் வாழும் இந்து சமுத்திரத் தீவான ரீயூனியனில், 2009 முதல் 2011 வரை நடந்த திட்டமொன்றில் இக்கூடாரம் மரக்கறித் தோட்டங்களில் வெற்றியாகப் பயன்பட்டது.

அதனை ஒரு பழைய பிளாஸ்ரிக் வாளியிலும் செய்து பார்க்கலாம். அடியில் ஓட்டை இல்லாத பெரிய வாளியில் நாலு அங்குலம் காய்ந்த மணலைப் பரப்புங்கள். பொறுக்கிய பழங்களை அதன்மேல் இட்டு, வாயை வலையால் மூடி, இடைவெளி இல்லாமல் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். மழை படாத நிழலில் வையுங்கள். வலையின் கண் பெரிதானால் ஈ தப்பும். மிகச் சிறிதானால் குளவியும் அடைபடும். இரண்டு மூன்று வகை நுளம்பு வலைகளைப் பரிசோதித்து, ஈ வெளியேறாத வலையைத் தெரிந்தெடுங்கள். ஈ வெளியேறுவதைக் கண்டால் உடனே பொலித்தீன் பை முறைக்குத் திரும்பிவிடுங்கள்.

பையும் போத்தலும் துளசியும்

காயைப் பை கட்டிக் காப்பது பழைய முறைதான். அதைவிட உறுதியான முறையும் இல்லை. மாங்காய் பழுக்கத் தொடங்குமுன், பத்திரிகைத் தாளை இரண்டு மடிப்பாகப் பையாக ஒட்டிக் காம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஈயின் ஊசி எட்டாது. பாவல், புடல் என்றால் பூ கருகிப் பிஞ்சு பிடித்த உடனேயே கட்ட வேண்டும். பெரிய மரம் முழுவதற்கும் கட்ட முடியாது. கைக்கெட்டும் கிளைகளுக்கும் பந்தலுக்கும் கட்டினாலே நல்ல விலைக்கு விற்கக்கூடிய காய்கள் தப்பும். மாங்காயை மரத்தில் பழுக்கவிடாமல், நன்கு முற்றியதும் பறித்து வைக்கோலில் பழுக்க வைப்பதும் சேதத்தைக் குறைக்கும். பழுக்கும் பழத்தையே ஈ அதிகம் விரும்பும்.

அடுத்தது பொறி. இதன் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. 1912 அளவில் இந்தியாவில் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலெற் என்ற பூச்சியியலாளர் பணியாற்றினார். நுளம்பை விரட்ட ஒருவர் சித்திரநெல்லா எண்ணெய் பூசிக்கொள்ள, அவரைப் பழ ஈக்கள் மொய்த்தன. வந்தவை எல்லாம் ஆண் ஈக்கள். ஹௌலெற் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, ஆண் ஈயை இழுப்பது மெதைல் இயூஜினோல் என்ற பொருள் என்று 1915 இல் காட்டினார். இன்று உலகம் முழுவதும் மாம்பழ ஈப் பொறிகளில் இடப்படுவது அதுவே. எங்கள் முற்றத்துத் துளசியிலும் அந்தப் பொருள் இயற்கையாக உண்டு.

வெற்றுச் சோடாப் போத்தலின் மேற்பகுதியில் இரண்டு மூன்று துளையிட்டு, அடியில் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, கவர்ச்சிப் பொருள் தோய்த்த பஞ்சை உள்ளே தொங்கவிட்டால் பொறி தயார். மரத்தின் நிழலான கிளையில் ஆளுயரத்தில் கட்டலாம். கவர்ச்சிப் பொருளை எங்கே பெறலாம் என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பிடி துளசியைக் கசக்கி இட்டுப் பாருங்கள். அதன் வலிமை குறைவு. சில நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும். பாவல், புடலுக்கு இந்தப் பொறி உதவாது. பூசணி ஈயை இழுப்பது கியூலூர் என்ற வேறொரு பொருள். எந்தப் பொறியாக இருந்தாலும் விழுவது ஆண் ஈக்களே. ஆகையால் பொறியை மட்டும் கட்டிவிட்டு, விழுந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டால் பலன் குறைவு.

இன்னொரு நண்பன் முசுறு. கடிக்கிறதே என்று நெருப்புப் பந்தம் பிடித்து அதன் கூட்டை எரித்துவிடுகிறோம். ஆபிரிக்காவின் பெனின் நாட்டில் மாந்தோப்புகளில் நடந்த ஆய்வுகளில், முசுறு நிறைந்த மரங்களில் பழ ஈயின் சேதம் மிகவும் குறைந்திருந்தது. ஈயைப் பிடித்துத் தின்பதுடன், முசுறு நடமாடிய பழத்தில் அது விட்டுச்செல்லும் மணத்தாலும் ஈ முட்டையிடத் தயங்குகின்றது. காய் பறிக்கும்போது சாம்பலைக் கையில் பூசிக்கொண்டால் கடியைச் சமாளிக்கலாம்.

போத்தலுக்குள் ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சி என்பது பெரிய கட்டடத்துக்குள் நடப்பது மட்டுமல்ல. விஞ்ஞானிகள் குளவியைக் கணக்கெடுக்கும் முறையை எங்கள் குசினியிலும் செய்யலாம். அகன்ற வாயுள்ள போத்தலில் மூன்று அங்குலம் மணல் இடுங்கள். புழுப்பட்ட ஒரு கொய்யாவையோ சிறு மாம்பழத்தையோ அதன்மேல் வையுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் வாயை இறுகக் கட்டி, திகதியை எழுதி ஒட்டி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். மணல் காய்ந்தால் சில துளி தண்ணீர் தெளியுங்கள்.

ஏறத்தாழ மூன்று வாரத்தில் முதலில் ஈக்கள் வெளிவரும். சில நாள் பிந்திக் குளவிகள் வரும். இரண்டையும் எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். பத்துக்கு மூன்று குளவி என்றால் உங்கள் வளவில் நண்பர்கள் இருக்கிறார்கள். ஒன்றுமே இல்லையென்றால் அயலில் மருந்து அதிகம் அடிக்கப்படுகின்றதா என்று யோசியுங்கள். குளவிகளைத் தோட்டத்தில் பறக்க விட்டுவிடுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விஞ்ஞானப் பாடம் கிடையாது. எழுதி வைத்த கணக்கை விவசாயப் போதனாசிரியரிடமோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தினரிடமோ காட்டினால் அவர்களுக்கும் அது பயன்படும் தகவலாகும்.

ஒரு வளவு போதாது

ஈக்கு வேலி இல்லை. நீங்கள் ஒருவர் பழத்தைப் பொறுக்கி, பக்கத்து வளவில் விழுந்தபடி கிடந்தால் உழைப்பில் பாதி வீண். குடாநாட்டில் இது எமக்கே உரிய சிக்கல். சொந்தக்காரர் வெளிநாட்டில், வளவு பற்றைக்காடு, மாவும் கொய்யாவும் காய்த்துத் தானே விழுந்து அழுகும். 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள், போர் முடிந்த 2009 இற்குப் பின் கட்டம் கட்டமாகத் திரும்பியபோது, பல காணிகள் அப்படித்தான் இருந்தன.

இதற்கு மருந்து சேர்ந்து செய்வதுதான். ஒரு ஒழுங்கையில் பத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து, கிழமையில் இரண்டு நாள் மாலையில் ஒரு மணிநேரம் ஒதுக்கினால், ஒழுங்கை முழுவதையும் துப்புரவாக்கலாம். ஆளில்லா வளவுக்குள் போகக் கிராம சேவையாளர் மூலம் சொந்தக்காரரிடமோ பராமரிப்பவரிடமோ அனுமதி கேட்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல பழத்தின் ஒரு பகுதியை ஊறுகாயாகவும் ஜாமாகவும், மிஞ்சும் பாவற்காயை வற்றலாகவும் போட்டால், விலை விழும் வாரங்களிலும் கையில் காசு இருக்கும்.

சேர்ந்து செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒகினாவா ஒரு சாட்சி. ஜப்பானின் தெற்கிலுள்ள அந்தத் தீவுகள் 1945 இல் கொடிய போரில் அழிந்தன. பொதுமக்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தன. அந்த மக்களின் உணவில் முக்கியமானது பாவற்காய். ஆனால் பூசணி ஈ இருந்ததால் ஒகினாவாப் பாவற்காயை ஜப்பானின் பெருநிலத்துக்கு அனுப்பத் தடை இருந்தது. 1972 இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தொழிற்சாலையில் ஈக்களை வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, தீவு தீவாக விட்டார்கள். மலட்டு ஆணுடன் சேர்ந்த பெண் ஈயின் முட்டை பொரிக்காது. 1978 இல் ஒரு சிறு தீவு விடுபட்டது. 5,000 கோடிக்கு மேற்பட்ட ஈக்களை விட்டபின், 1993 இல் கடைசித் தீவும் விடுபட்டது. இன்று ஒகினாவாப் பாவற்காய் ஜப்பான் முழுவதும் விற்பனையாகின்றது.

அத்தகைய தொழிற்சாலை எங்களிடம் இல்லை. ஆனால் ஒரு தீவு முழுவதும் ஒரே வேலையை இருபது ஆண்டு விடாமல் செய்தது என்பதே அங்கு கற்க வேண்டியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் உரமும் எண்ணெயும் இல்லாமல் தோட்டம் செய்த மண் இது. 2021 இல் இரசாயன உரமும் மருந்தும் திடீரென நிறுத்தப்பட்டபோதும் ஏதோ ஒரு வழியில் பயிரைக் காப்பாற்றிய கைகள் எங்களுடையவை.

இந்தப் பருவத்தில் செய்ய வேண்டியவை நான்கு: விழுந்ததைப் பொறுக்குங்கள். பிஞ்சிலேயே பை கட்டுங்கள். மருந்தை ஒதுக்கிக் குளவியையும் முசுறையும் வாழ விடுங்கள். அயலவளையும் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்த வைகாசியில் உங்கள் கூடைப் பழத்தை வியாபாரி வெட்டிப் பார்க்கும்போது, விலையை நீங்கள் சொல்லலாம்.